ஸ்டாண்டை மடக்கிவிட்டுக் கட்டு

வீட்டுச் சாமானோடு பைக்கும் ஏறுகிறது என்றால், உரிமையாளர் சொல்லப்போவது எனக்கு முன்கூட்டியே தெரியும்: "அண்ணே, சென்டர் ஸ்டாண்ட் போட்டு நல்லா இறுக்கிக் கட்டிருங்க." நான் ஸ்டாண்டை மடக்குவேன். அவர் முகம் சுருங்கும்.

ஸ்டாண்ட் என்பது அசையாத தரையில் வண்டியை நிறுத்தச் செய்தது. குட்டியானை மினிலாரியின் தொட்டி பள்ளத்துக்குப் பள்ளம் எழும்பி விழும். கிளாசிக் 350 புல்லட் ஏறக்குறைய 195 கிலோ. அது குதித்து இறங்கும் அடியெல்லாம் ஸ்டாண்டிலும், அதைச் சேஸிஸோடு சேர்க்கும் வெல்டிங்கிலும் விழும். சைடு ஸ்டாண்ட் இன்னும் மோசம். கயிறு இழுக்க இழுக்க ஒற்றைக் காலில் பாரம் ஏறும். இரண்டு டயரிலும் நின்றால் அடியை ஷாக் அப்சார்பர் வாங்கிக்கொள்ளும். அது இருப்பதே அதற்குத்தானே!

ஆகவே கட்டின் உயிர் முன் போர்க்கில் இருக்கிறது. முன் டயரை கேபின் பக்கத் தடுப்பில் நேராக முட்டவைக்க வேண்டும். கயிற்றை ஹேண்டில்பார் நுனியில் போட்டால் வழுக்கும். கிளட்ச் கேபிளை நசுக்கும். அதற்குக் கீழே, இரண்டு போர்க் குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் தட்டில்தான் போட வேண்டும். பெயின்ட் உரசும் இடத்தில் பழைய டியூபை வெட்டி வைப்பேன். அங்கிருந்து பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு கயிறோ ராட்செட் பெல்ட்டோ முன்னாலும் கீழேயும் விலகி இறங்க வேண்டும். சாய்வு 45 டிகிரி வாக்கில் இருந்தால் நல்லது. செங்குத்தாக இறங்கும் கயிறு வண்டி பக்கவாட்டில் சாய்வதைத் தடுக்காது. ஒரு பக்கம் கொஞ்சம், மறுபக்கம் கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்கினால்தான் வண்டி நிமிர்ந்து நிற்கும்.

எவ்வளவு இறுக்குவது? போர்க் பாதி அமுங்கும் வரை. கொஞ்சமாக அமுக்கினால், பள்ளத்தில் போர்க் மேலும் இறங்கும் அந்த நொடியில் பெல்ட் தொய்ந்து கொக்கி கழன்றுவிடும். முழுக்க அமுக்கினால் ஸ்பிரிங்குக்கு வேலையே இல்லை. அடி நேராகக் கொக்கிக்குப் போகும், ஆயில் சீலும் கசியக்கூடும். பாதியில் நிறுத்தினால் ஸ்பிரிங் மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், பெல்ட் எப்போதும் விறைப்பாக இருக்கும். மாட்டுவண்டிப் பாரத்துக்குப் போடும் கட்டு மாதிரி இறுக்கிய வரைக்கும் லாபம் என்று இங்கே நினைக்கக் கூடாது.

பின்பக்கம் வேறு கணக்கு. அங்கே அமுக்குவதைவிட, பின்சக்கரம் துள்ளிப் பக்கவாட்டில் நகராமல் பிடிப்பதே முக்கியம். சேஸிஸிலிருந்து இருபுறமும் பின்னோக்கி ஒவ்வொரு பெல்ட். கியரில் விட்டுவைப்பேன். பழைய கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் காக்கை மூடுவேன்.

பெங்களூருவிலிருந்து சேலம் வரும் வழியில் தொப்பூர் இறக்கம் இந்தக் கட்டைச் சோதிக்கும். பிரேக்கில் கால் வைக்கும்போதெல்லாம் பைக் முன்னால் பாயப் பார்க்கும். ஐரோப்பியச் சரக்கு விதிப்படி, கட்டு முன்பக்கம் எடையில் 80 சதவீத விசையையும், பக்கவாட்டில் 50 சதவீதத்தையும் தாங்க வேண்டும். புல்லட்டுக்கு முன்பக்கம் மட்டும் 156 கிலோ. டயர் தடுப்பில் முட்டியிருந்தால் அதில் பெரும்பகுதியைத் தடுப்பே ஏற்றுக்கொள்ளும். டயருக்கும் தடுப்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி விட்டால், மொத்தமும் பின்பக்கப் பெல்ட்டுகளில் வெட்டி இழுக்கும்.

ராட்செட் பெல்ட் அதிகம் நீளாது. நைலான் கயிறு நீளும். நனைந்தால் இன்னும் நீளும். ஆகவே எதில் கட்டியிருந்தாலும், கிளம்பிப் பத்து கிலோமீட்டருக்குள் வரும் டீக்கடையில் நிறுத்திவிடுவேன். பைக்கின் சீட்டைப் பிடித்து ஓங்கி உலுக்குவேன். குட்டியானையும் சேர்ந்து ஆடினால் கிளம்பலாம். பைக் மட்டும் ஆடினால் மறுபடி கட்ட வேண்டும்; டீ ஆறினால் ஆறட்டும்.