தெரிவும் தயக்கமும்

திருமணம் பற்றிய முடிவொன்றை ஈராண்டுகளாக நான் ஒத்திவைத்திருந்த காலத்திலேதான், டென்மார்க்கியச் சிந்தனையாளர் கீர்க்ககார்ட் 1843 இல் வெளியிட்ட ‘இது அல்லது அது’ என்னும் நூலைப் படித்தேன்.

வாழ்க்கைநிலைகள் மூன்று என்பது அவர் கருத்து. அழகியல் நிலையினன் கணத்தின் சுவையை நாடுகிறான். சலித்ததும் வேறொன்றுக்குத் தாவுகிறான். அறவியல் நிலையினன் தன் தெரிவுக்குப் பொறுப்பேற்கிறான். சமய நிலையினனோ, மகனைப் பலியிடச் சென்ற ஆபிரகாமைப் போல, பிறருக்கு விளக்கவியலாத நம்பிக்கையுடன் இறைவன் முன் தனித்து நிற்கிறான்.

கீர்க்ககார்டும் ரெஜீனா ஒல்சனுடனான மணவுறுதியை 1841 இல் முறித்தவரே. ஆயினும் அவர் ஒரு முடிவைத் தெரிந்தார். நான் எதையும் தெரிந்திலேன். எல்லா வழிகளும் திறந்திருக்கும் இன்பத்தையே சிந்தனை என மயங்கியிருந்தேன். மடல் எழுதியபோது காலங்கடந்துவிட்டது.

தெரிவு செய்யாமையும் ஒரு தெரிவே. அதன் விலையை எனக்காகக் காத்திருந்தவளே செலுத்தினாள்.