பத்து லீற்றர் போதும்

ஸ்காபரோவில் நானும் அப்பாவும் இருக்கும் வீடு பதினோராம் மாடியில். சமையலறையில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் நின்றால் பிரிட்ஜைத் திறக்க ஏலாது. அந்த இடத்தில் பார்லியிலிருந்து பியர் காய்ச்சப் போகிறேன் என்றதும் நண்பர்கள் சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. அதைப் பிறகு சொல்கிறேன்.

டின்னில் வரும் மோல்ட் பாணியைக் கரைத்துக் காய்ச்சுவது சுலபமான வழி. 'ஓல்-கிரெயின்' என்பது அதுவல்ல. முளைகட்டி உலர்த்திய பார்லியை உடைத்து, 65 முதல் 68 பாகைச் சூட்டு நீரில் ஒரு மணிநேரம் ஊறவைக்க வேண்டும். அந்தச் சூட்டில் தானியத்தில் உள்ள நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக்கும். பிறகு தானியத்தை எடுத்துவிட்டு, அந்த நீரை ஹொப்ஸோடு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மதுவம் சேர்த்து இரண்டு கிழமை மூடிவைக்க வேண்டும்.

பெரும்பாலான குறிப்புகள் 20 லீற்றருக்குத்தான். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 20 லீற்றர் பியருக்கு ஏறத்தாழ 27 லீற்றர் தண்ணீர் வேண்டும். அதை 20 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுபோக 2.5 கிலோவாற்று மணி. இங்கே சாதாரண பிளக் 120 வோல்ட். அதில் 1500 வாற்றுக் கருவியை வைத்தால், கொதிக்கவே ஒன்றரை மணிநேரத்துக்கு மேல். அதோடு ஐந்து கிலோ பார்லி நனைந்து, சுடச்சுட ஒன்பது கிலோவாக வரும். அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு இந்தக் குசினியில் எங்கே திரும்புவது?

10 லீற்றர் என்றால் 15 லீற்றர் தண்ணீர், இரண்டரைக் கிலோ பார்லி. வீட்டு அடுப்பே போதும். சில நூறு டொலர் கொடுத்து மின்கருவி வாங்கும் எண்ணத்தை அன்றே விட்டேன்.

வாங்கியவை இவ்வளவுதான்: 20 லீற்றர் எவர்சில்வர் பானை, தானியம் போட நைலோன் வலைப்பை, டிஜிட்டல் வெப்பமானி, சீனியின் அளவு பார்க்கும் கண்ணாடி மானி, காற்றுப்பூட்டு உள்ள 15 லீற்றர் பிளாஸ்ரிக் வாளி, கழுவாமலே விடக்கூடிய கிருமிநீக்கி, போத்தல் மூடி அடிக்கும் கருவி. மாமியிடம் பெரிய கிடாரம் இருக்கிறது. ஆனால் அது கோயில் பொங்கலுக்கு உரியது. கேட்க மனம் வரவில்லை. கண்ணாடிச் சாடி அழகுதான், ஆனால் ஈரக் கையில் நழுவினால் ஆபத்து. சூடு இறங்காமல் பானையைப் போர்வையால் சுற்றலாம். ஆறவைக்கக் குளியல் தொட்டியும் ஐஸும் போதும்.

இனி அப்பா. எங்கள் அப்பப்பா வடமராட்சியில் கள்ளுச் சீவியவர். ஊரில் அந்தத் தொழிலின் பெயரையே வசையாகச் சொல்லுவார்கள். அப்பா படித்து, கொழும்புக்கு வந்து, இங்கே வந்து முப்பது வருசம். இப்போது எனக்குக் கலியாணம் பேசுகிறார்கள். "நீங்கள் ஊரிலை எந்தப் பக்கம்?" என்ற கேள்வி தொலைபேசியில் வந்தால் அப்பாவின் குரல் மாறிவிடும். அந்த மனுசனுக்கு முன்னால் நான் வாளியைக் கொண்டுவந்து வைத்தேன்.

"உதிலையிருந்து வெளியிலை வரத்தானே இவ்வளவு பாடுபட்டனாங்கள். நீ காசு குடுத்து வீட்டுக்குள்ளை கொண்டு வாறாய்" எண்டார்.

எனக்குக் கோபம் வந்தது, அவர் மேல் அல்ல. இந்த நகரத்தில் பியர் காய்ச்சுபவரைக் கைவினைஞர் என்கிறோம். பாளைக்கத்தி, முட்டி, தளைநார், இவற்றோடு மரமேறி உயிரைப் பணயம் வைத்தவருக்கு என்ன பட்டம் கொடுத்தோம்? பனையின் நீர் சீனியாகவே இறங்குகிறது. மதுவமும் தானாகவே வந்து சேர்கிறது. புளிக்காமல் இருக்க முட்டியில் சுண்ணாம்பு தடவினால் கருப்பநீர். எவ்வளவு தடவுவது, எப்போது இறக்குவது என்பதெல்லாம் அறிவுதானே?

இதை அப்பாவிடம் சொன்னேன். பதில் இல்லை. இரண்டு நாள் கழித்து நான் வாளி கழுவும்போது வந்து நின்றார். "முட்டி கழுவிறதிலைதான் எல்லாம் இருக்கு எண்டு ஐயா சொல்லுவார்." அப்பா தன் ஐயாவின் தொழிலைப் பற்றி என்னிடம் சொன்ன முதல் வசனம் அது.

கனடாவில் சொந்தப் பாவனைக்குப் பியர் காய்ச்ச அனுமதிப்பத்திரம் தேவையில்லை, விற்கக்கூடாது. இலங்கையில் அனுமதியில்லாமல் காய்ச்சுவது குற்றம். அங்கிருந்து வாசிக்கிற ஆக்கள் வாசிப்போடு நிறுத்துங்கோ. இன்னொன்று: 10 லீற்றரில் 341 மில்லி போத்தல் 29தான் வரும். குடியால் உடைந்த வீடுகள் எங்கள் உறவிலேயே உண்டு. வீட்டில் கூடுதலாக இருந்தால் கூடுதலாகக் குடிப்போம். இந்த அளவை நான் தேர்ந்ததற்கு இடம் மட்டும் காரணமல்ல.

போத்தலில் ஒட்டத் தாள் வெட்டி வைத்திருக்கிறேன். திகதிக்குக் கீழே 'சீவல்காரரின் பேத்தி காய்ச்சியது' என்று எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் ஓம் எண்டும் சொல்லவில்லை, வேண்டாம் எண்டும் சொல்லவில்லை.