மென்னீர் எல்லாம் நன்னீர் ஆகிவிடாது

மார்ச் 3

பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா, கொதிக்கவைத்த பாத்திரத்தில் வெள்ளைப் படிவு ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் நல்ல தண்ணீரையும் கெட்ட தண்ணீரையும் பிரித்துவிடுகிறோம். இந்தச் சோதனைகள் எல்லாமே காட்டிக்கொடுப்பது ஒன்றைத்தான்: நீரில் கரைந்துள்ள கால்சியம், மக்னீசியத்தின் அளவு, அதாவது கடினத்தன்மை. கனடாவின் வடமேற்கு நிலப்பகுதிகளின் தலைநகரான யெல்லோநைஃப் இந்தச் சோதனைகளில் சுலபமாகத் தேறிவிடும். பழம்பாறைகள்மேல் ஓடிவரும் ஆற்று நீரில் சுண்ணாம்பு கரைய வழியில்லை. குழாயில் வருவது மென்னீர். ஆனால் கடினத்தன்மைக்கு உலக சுகாதார நிறுவனம் உடல்நலம் சார்ந்த வரம்பு எதையும் விதிக்கவில்லை. லிட்டருக்கு 80 முதல் 100 மில்லிகிராம் வரை இருந்தால் குழாய் அரிப்பும் படிவும் மட்டுப்படும் என்கிறது கனடாவின் வழிகாட்டுதல். அது குழாய்க்கான கணக்கு, குடிப்பவருக்கானது அல்ல. சொல்லப்போனால், மிக மென்மையான நீர் பழைய குழாய்களிலிருந்து ஈயத்தையும் செம்பையும் கரைத்துக்கொண்டு வரக்கூடும். தண்ணீர் மென்மையாக இருப்பது பாறை தந்த கொடை. அது பாதுகாப்பாக இருப்பது மனிதர் எடுக்கும் முடிவு. இரண்டையும் ஒன்றென்று எண்ணுவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

மார்ச் 5

யெல்லோநைஃபின் ஜயண்ட் சுரங்கத்தில் தங்கம் ஆர்சனிக் கலந்த கனிமத்துக்குள் சிக்கிக் கிடந்தது. அதைப் பிரிக்கத் தாதுவை வறுத்தார்கள். வறுத்தபோது ஆர்சனிக் டிரையாக்சைடு புகையாக வெளியேறியது. 1940களின் இறுதியில் அந்தப் புகையைப் பிடித்துவைக்க ஏற்பாடு எதுவும் இருக்கவில்லை. அது பனிமேல் படிந்தது. அந்தப் பனியை உருக்கிக் குடிப்பதுதான் அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த டெனே மக்களின் வழக்கம். 1951இல் பனி உருக்கிய நீரைக் குடித்த டெனே குழந்தை ஒன்று ஆர்சனிக் நஞ்சேறி இறந்தது. பனி உருகிய நீரைவிட மென்மையான நீர் இயற்கையில் அரிது. ஆர்சனிக்குக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. கொதிக்கவைத்தாலும் அது போகாது. நீர் ஆவியாகச் செறிவு கூடத்தான் செய்யும். பார்வைக்கும் நாக்குக்கும் குறையே தெரியாத தண்ணீர்தான் அந்த உயிரைப் பறித்தது. 1960களின் பிற்பகுதியில் நகரம் நீர் எடுக்கும் இடமே மாறியது. சுரங்கத்தை ஒட்டிய விரிகுடாவை விட்டு, யெல்லோநைஃப் ஆற்றிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் நீளக் குழாயை நீருக்கடியில் பதித்தார்கள். ஊரைக் காத்துவந்தது அந்தக் குழாய்.

மார்ச் 8

ஆற்றிலிருந்தே குழாய்வழி நீர் எடுப்பதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களுக்கும் வலு உண்டு. வறுப்பு உலை 1999இலேயே நின்றுவிட்டது. விரிகுடா நீரில் ஆர்சனிக் இப்போது பெரும்பாலும் கனடாவின் வரம்பான லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழேதான் இருக்கிறது. அப்படியிருக்க, வயதாகிப்போன குழாயைப் பெருஞ்செலவில் மாற்றுவானேன் என்று கேட்கிறார்கள். இன்றைய அளவை மட்டும் வைத்துப் பார்த்தால் கேள்வி நியாயமானது. ஆனால் அதே கரையில், மண்ணுக்கடியில், சுரங்கம் விட்டுச்சென்ற 2,37,000 டன் ஆர்சனிக் தூசி கிடக்கிறது. அதைச் சுற்றியுள்ள பாறையோடு உறையவைத்து அடைத்துவைப்பதே திட்டம். 2014இல் வந்த சுற்றுச்சூழல் ஆய்வு முடிவு அதையும் நிரந்தரத் தீர்வாக ஏற்காமல் அதிகபட்சம் 100 ஆண்டுக் கெடு வைத்தது. நூறாண்டு காவல் வேண்டிய நஞ்சின் பக்கத்திலிருந்து குடிநீர் எடுக்கலாமா என்பதை ஒரு வருடத்துச் சோதனை முடிவு தீர்மானிக்க முடியாது. 2015இல் சவ்வு வடிகட்டியுடன் புதிய சுத்திகரிப்பு நிலையம் வந்துவிட்டதே என்பது அடுத்த வாதம். கலங்கலையும் கிருமிகளையும் தடுப்பது அதன் வேலை. கரைந்த ஆர்சனிக் அந்தச் சவ்வின் வழியே கடந்துவிடும். இன்னும் சிலர், அந்தப் பகுதிப் பாறையிலேயே ஆர்சனிக் இருப்பதால் சுரங்கத்தை மட்டும் குறைசொல்லக்கூடாது என்கிறார்கள். பாறையில் இருப்பது உண்மை. ஆனால் பழைய உலையை நெருங்க நெருங்கச் சிறு ஏரிகளில் அதன் அளவு கூடுகிறது. பாறை மட்டுமே காரணமாக இருந்தால் அளவு உலையிருந்த இடத்தைச் சார்ந்து மாறவேண்டியதில்லை. பழி யாருடையதாக இருந்தாலும் குடிப்பவருக்கு வேண்டியது ஒன்றே: நஞ்சிலிருந்து எட்ட நிற்கும் நீர்.

மார்ச் 9

ஆற்றிலிருந்தே தொடர்ந்து நீர் எடுப்பது என்று நகர மன்றம் முடிவெடுத்தது. அது சரியான முடிவு. அதைச் செலவாகப் பார்ப்பவர்கள், சுரங்கம் எடுத்துச்சென்ற தங்கத்தின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடவேண்டும். லாபம் எடுத்தவர்கள் போய்விட்டார்கள். நஞ்சும் அதைக் காக்கும் பொறுப்பும் பொதுமக்களிடம் தங்கிவிட்டன. ஆகவே குழாய்க்கான பணமும், தவறாத சோதனையும், முடிவுகளைப் பகிரங்கமாக வெளியிடுவதும் அந்தச் சுரங்கத்தின் கடன் தீர்ப்பதில் அடங்கும். முதலில் இழந்தவர்கள் டெனே மக்கள். அவர்களுடைய டெட்டா கிராமத்துக்குக் குடிநீர் இன்றும் நகரத்திலிருந்து லாரியில்தான் போகிறது. மன்னிப்பும் இழப்பீடும் கேட்டு அவர்கள் போராடிவந்திருக்கிறார்கள். தண்ணீர் பற்றிய ஒவ்வொரு முடிவிலும் அவர்களுக்கு வாக்கு இருக்கவேண்டும். எந்தச் சுரங்க ஊரிலும் குழாய் நீரைப் பற்றி முதலில் கேட்கவேண்டியவை மூன்று: அது எங்கிருந்து வருகிறது, அதில் என்ன தேடிச் சோதிக்கிறார்கள், முடிவை யாரிடம் சொல்கிறார்கள். சோப்பு நுரைக்கிறதா என்ற கேள்வி அதற்குப் பிறகு வரட்டும்.