ஒன்பது பேர்... ஒரு குட்டி ஊர்... ஓயாத விவாதம்! - பேஸ்பால் கனவு அணியைத் தேடி கூப்பர்ஸ்டவுன்

'எல்லாக் காலத்துக்குமான சிறந்த ஒன்பது பேர் யார்?' அமெரிக்காவின் பேஸ்பால் ரசிகர்கள் வீடுகளில் ஓயாத விவாதம் இது. தாத்தா ஓர் அணியைச் சொல்வார், பேத்தி வேறோர் அணியைச் சொல்வாள். இந்த விவாதத்துக்கென்றே அமைந்ததுபோல ஓர் ஊர் இருக்கிறது. அதுதான் கூப்பர்ஸ்டவுன்.

நியூயார்க் நகரிலிருந்து காரில் சுமார் 4 மணி நேரப் பயணம். ஏரிக்கரையில், 2,000 பேர்கூட வசிக்காத குட்டி ஊர். இதன் பிரதான வீதியில் இருக்கிறது, பேஸ்பால் 'ஹால் ஆஃப் ஃபேம்' அருங்காட்சியகம். 1839-ல் அப்னர் டபுள்டே என்பவர் இங்குதான் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்றொரு கதை உண்டு. அதன் நூற்றாண்டாக 1939-ல் இதைத் திறந்தார்கள். அந்தக் கதை உண்மையல்ல என்று வரலாற்று ஆய்வாளர்கள் பின்னர் சொல்லிவிட்டார்கள். ஆனாலும், ரசிகர்கள் வருவது மட்டும் நிற்கவே இல்லை!

ரூத்துக்கும் 'நோ' சொன்ன 11 பேர்

உள்ளே ஒரு நீண்ட கூடம். சுவர் முழுக்க வெண்கலப் பலகைகள். ஒவ்வொன்றிலும் ஒரு வீரரின் முகம், பெயர், சாதனைகள். பலரும் முதலில் தேடுவது 1936-ல் தேர்வான முதல் ஐவரை. டை காப், பேப் ரூத், ஹோனஸ் வாக்னர், கிறிஸ்டி மேத்யூசன், வால்டர் ஜான்சன்.

714 ஹோம் ரன் அடித்த பேப் ரூத் இல்லாமல் ஒரு கனவு அணியா? அந்த முதல் தேர்தலில் வாக்களித்த 226 பத்திரிகையாளர்களில் 11 பேர் அவரைத் தேர்வு செய்யவில்லை. ஒரு ஓட்டுகூடக் குறையாமல் ஒருவர் தேர்வானது 2019-ல்தான். அவர், பனாமாவின் மரியானோ ரிவேரா.

ஃபர்ஸ்ட் பேஸுக்கு, தொடர்ந்து 2,130 ஆட்டங்கள் ஆடிய லூ கெரிக். சென்டர் ஃபீல்டுக்கு வில்லி மேஸ். இப்படி அணி மளமளவென நிரம்பும். சிக்கல் வருவது, கிரிக்கெட்டின் விக்கெட் கீப்பரைப் போன்ற 'கேட்சர்' இடத்தில்தான்.

ஆட விடாத கேட்சர்

யோகி பெர்ரா, ஜானி பெஞ்ச் என்று பெயர்கள் வரும். கூடவே ஜாஷ் கிப்சன் என்ற பெயரும் வரும். ஆனால், கிப்சன் மேஜர் லீக்கில் ஓர் ஆட்டம்கூட ஆடியதில்லை. கறுப்பின வீரர்களை மேஜர் லீக் பல பத்தாண்டுகள் சேர்க்கவே இல்லை. அவர்கள் 'நீக்ரோ லீக்' எனப்பட்ட தனி அணிகளில் ஆடினார்கள்.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் களமிறங்கி அந்தத் தடையை உடைத்தார். அதற்கு மூன்று மாதங்களுக்கு முன்புதான், 35 வயதில் கிப்சன் இறந்துபோயிருந்தார்.

1966-ல் இங்கே கௌரவிக்கப்பட்ட டெட் வில்லியம்ஸ், தன் ஏற்புரையில் சாட்சல் பேஜ், கிப்சன் இருவரையும் குறிப்பிட்டார். வாய்ப்பு தரப்படாத காரணத்தால்தான் அவர்கள் இங்கே இல்லை என்று வெளிப்படையாகப் பேசினார். பேஜ் 1971-லும், கிப்சன் 1972-லும் உள்ளே வந்தார்கள்.

2024-ல் நீக்ரோ லீக் கணக்குகளையும் மேஜர் லீக் தன் சாதனைப் பட்டியலில் சேர்த்தது. டை காப்பை முந்தி, .372 பேட்டிங் சராசரியுடன் முதலிடத்துக்கு வந்தார் கிப்சன். அதுவரை எழுதப்பட்ட எத்தனையோ கனவு அணிகளை ரசிகர்கள் மறுபடி எடுத்துப் பார்க்க வேண்டியதாயிற்று.

போகிறவர்கள் கவனத்துக்கு...

ஜூலை இறுதியில் புதியவர்களைச் சேர்க்கும் விழா நடக்கும். அப்போது ஊர் நிரம்பி வழியும். நிதானமாகப் பார்க்க நினைப்பவர்கள் வேறு மாதங்களில் போகலாம்.

இன்னொன்று, பலகைகள் வீரர்கள் ஆடிய காலத்தின்படி அல்ல, தேர்வான ஆண்டின்படியே வரிசையாக இருக்கின்றன. ரூத் 1936-ல் இருக்கிறார். 1930-களில் ஆடிய கிப்சனைப் பார்க்க, 1972 வரை நடக்க வேண்டும்.