ஜூஜூவாடிக்கு அந்தப் பக்கம்

ஆஹன் ஊரிலிருந்து ஃபால்ஸுக்கு டவுன் பஸ்ஸே போகிறது. ஏறுவது ஜெர்மனியில், இறங்குவது நெதர்லாந்தில். கடைப் பலகைகளின் எழுத்து மாறுவதை வைத்துத்தான் எல்லை தாண்டியது தெரியும். கூடப் படிக்கிறவர்கள் இதை அதிசயமாகப் படம் பிடிப்பார்கள். ஜூஜூவாடியில் தமிழ்ப் பலகை முடிந்து, அத்திப்பள்ளியில் கன்னடப் பலகை தொடங்குவதைப் பார்த்தே வளர்ந்த ஓசூர்ப் பிள்ளைக்கு அதில் என்ன அதிசயம்? ஆனாலும் அந்தப் பஸ்ஸில் உட்கார்ந்தால் எனக்கு வீட்டு ஞாபகம் வந்து தொண்டை அடைக்கும்.

ஃபால்ஸுக்கு மேலே, 322 மீட்டர் உயரக் குன்றில், ஜெர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் மூன்றும் ஒரு புள்ளியில் சேருகின்றன. கல் நட்டிருக்கிறார்கள், பார்க்கக் கூட்டம் வருகிறது. எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கமும் தமிழ்நாடு, கர்நாடகா, ஆந்திரா மூன்றும் தொட்டுக்கொண்டுதான் இருக்கின்றன. அங்கே யாரும் வேடிக்கை பார்க்கப் போவதில்லை. பெண் கொடுக்க, பெண் எடுக்க, மாடு வாங்க, மாங்காய் விற்கப் போகிறார்கள்.

எங்கள் தெருவில் பக்கத்து வீட்டு அத்தை தெலுங்கு, எதிர்வீட்டு அஜ்ஜி கன்னடம், முக்கு டெய்லர் பாய் வீட்டில் உருது. அம்மா தமிழில் கேட்பாள், அத்தை தெலுங்கில் பதில் சொல்வார். ஒருவர் பேச்சு மற்றவருக்கு முழுசாகப் புரியும்; மாற்றிப் பேச வேண்டுமென்று யாருக்கும் தோன்றியதில்லை. 2016 செப்டம்பரில் காவிரிக் கலவரத்தின்போது பஸ்கள் எல்லையோடு நின்றுவிட்டன. மூட்டை முடிச்சோடும் பிள்ளைகளோடும் ஜனங்கள் நடந்தே எல்லை தாண்டினார்கள். பெங்களூரில் வேலை பார்த்த அஜ்ஜியின் மகனும் அப்படித்தான் இருட்டில் நடந்து வந்தார். அவர் வரும்வரை அஜ்ஜி எங்கள் வீட்டுத் திண்ணையில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டிவியில் பஸ் எரிந்துகொண்டிருந்தது. அப்பா எழுந்து போய் அதை அணைத்தார்.

இங்கே வகுப்பில் ஆங்கிலம், கடையில் ஜெர்மன், அறையில் தமிழ். எல்லாவற்றையும் தனித்தனியாகப் பேச வேண்டியிருக்கிறது. ஊரில் மாதிரி ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் கலந்து பேச ஒருத்தர் கிடையாது. சோற்றுக்கு ஏங்கியது முதல் சில மாதங்கள்தான். அந்தப் பேச்சுக்கான ஏக்கம் மட்டும் குறையவே இல்லை.

ஓசூர் என்றாலே கம்பெனிகளைச் சொல்வார்கள். சொல்லட்டும், பொய்யில்லை. எழுபதுகளில் சிப்காட் வந்தது, 1980-இல் டிவிஎஸ் 50 வந்தது, பிறகு டைட்டன் வாட்ச் வந்தது. பெரிய கம்பெனிகளை நம்பி சின்னச் சின்ன லேத் பட்டறைகள் முளைத்தன. அதில் ஒன்றில் வேலைக்கென்று ஊத்தங்கரையிலிருந்து வந்தவர்தான் அப்பா. 2023-இல் என் படிப்பு விசாவுக்காக 11,208 யூரோவை, செலவுக்கென முடக்கிவைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் போட வேண்டியிருந்தது. கிட்டத்தட்ட பத்து லட்சம் ரூபாய். கடன் பேப்பரில் கையெழுத்துப் போடும்போது அப்பா கை நடுங்கவில்லை, எனக்குத்தான் நடுங்கியது.

நான் படிக்கும் பல்கலைக்கழகம் 1870-இல் தொடங்கியது. இங்குள்ள மெஷின் டூல் ஆய்வகத்துக்கே நூறு வயதுக்கு மேல் ஆகிறது. முதல்நாள் உள்ளே போனதும் மூக்கில் ஏறியது கூலன்ட் வாசம். பால் மாதிரி வெள்ளையாக, டூல்மேல் கொட்டிக்கொண்டே இருக்குமே, அதே கூலன்ட். ஷிப்ட் முடிந்து வரும் அப்பாவின் சட்டையில் எத்தனை துவைத்தாலும் போகாத வாசம். அன்று ராத்திரி வீடியோ காலில் சொன்னேன். அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மெஷினைக் காட்டு கண்ணு" என்றார். ஆய்வகத்தில் எடுத்த படங்களை அனுப்பினேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்து, "ஜாப்பை எப்படிப் பிடிக்கிறாங்க? சக்கு எந்த மேக்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நாற்பது வருஷம் லேத்தில் நின்றவர் ஆர்வமாகக் கேட்ட அந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் இன்றும் இரண்டு மடங்கு படிக்கிறேன்.

போன மாதம் இந்தியக் கடையில் மாம்பழக் கூழ் டின் ஒன்றைத் திருப்பிப் பார்த்தேன். முகவரியில் கிருஷ்ணகிரி மாவட்டம், 635 என்று தொடங்கும் பின்கோடு. எங்கள் பக்கத்து பெங்களூரா மாங்காய் கூழாகி வெளிநாடு போவது தெரிந்ததுதான். தெரிந்தும், அடுக்கின் முன்னால் அந்த டின்னைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

குளிர்காலம் வந்தால் அம்மா போனில் யானைச் சேதி சொல்வாள். சானமாவு காட்டுக்கு மந்தை வந்துவிட்டது, ராகிக் கொல்லையில் ராத்திரியெல்லாம் காவல் என்பாள். இப்போது அவள் கேட்பதெல்லாம் ஒன்றுதான். தீசிஸ் முடித்து யுகாதிக்கு வருகிறாயா, மாம்பழத்துக்கு வருகிறாயா? மாம்பழத்துக்குத்தான் என்று சொல்லியிருக்கிறேன். செந்தூரா தீர்வதற்குள் வந்துவிடணுமாம். பெங்களூர் தேவனஹள்ளி ஏர்போர்ட்டுக்கு வண்டி பேசியாகிவிட்டது. அத்தையும் அஜ்ஜியும் இப்போதே அதில் இடம் பிடித்துவிட்டார்கள். ஓசூர் வந்து சேரும்வரை யார் எந்த மொழியில் கேட்டாலும் வாய்க்கு வந்த மொழியில் பதில் சொல்லிக்கொண்டே வரப்போகிறேன்.