காலுக்குச் சொல் கற்பிப்பவர்கள்

மாளிகாவத்தை என்றவுடன் கொழும்பு மாநகரில் வாழ்வோரின் நினைவில் எழுவன, 1986ஆம் ஆண்டிலே கெத்தாராமையில் திறக்கப்பட்ட பிரேமதாச விளையாட்டரங்கின் விளக்குக் கோபுரங்களும், நெருங்கி நிற்கும் தொடர்மாடி வீடுகளும், முஸ்லிம் மக்களின் பழைய மையவாடியும், புகையிரதப் பாதைகளின் ஓயாத இரும்போசையுமே ஆகும். அந்தப் பகுதியில், ஒரு வீட்டின் மேல்மாடி அறையிலே, சுவரெங்கும் பழைய மெத்தைகளைச் சாத்தி ஓசையை அடக்கிக்கொண்டு, நான்கு இளைஞர்கள் டெக்னிக்கல் மெட்டல் என்று வழங்கும் கணக்கு மிகுந்த மேனாட்டு இசையைப் பயின்று வருகிறார்கள். அவர்களுடைய வாசிப்பைக் கேட்பதைக் காட்டிலும், ஐந்தாறு நிமிஷம் ஓரிடத்திலும் நில்லாமல் மாறிக்கொண்டே செல்லும் அந்தத் தாளக்கட்டுகளை டிரம்ஸ் வாசிப்பவர் எவ்வாறு உள்ளத்தில் நிறுத்துகிறார் என்பதை அறிவதிலேயே எனக்கு ஆவல் மிகுந்திருந்தது. அதன் பொருட்டே அங்கே சென்றேன்.

டிரம்ஸ் வாசிப்பவர் கொட்டாஞ்சேனையைச் சேர்ந்தவர். பகலில் பஞ்சிகாவத்தையில் மோட்டார் உதிரிப்பாகக் கடை ஒன்றில் வேலை செய்கிறார். பேஸ் கிட்டார் வாசிப்பவர் அந்த வீட்டுப் பிள்ளை. மற்ற இரு கிட்டார்க்காரர்களில் ஒருவர் வெள்ளவத்தைத் தமிழர், மற்றவர் தெமட்டகொடையிலிருந்து வரும் சிங்கள இளைஞர். மாலைத் தொழுகைக்குப் பாங்கு ஒலிக்கும் நேரத்தில் அந்த அறை முற்றிலும் அடங்கிவிடும். தொழுகை முடியும்வரை ஒருவரும் குச்சியையோ தந்தியையோ தொடுவதில்லை. அந்த அமைதி வேளையில்தான் நான் தேடிச் சென்ற வித்தை எனக்குப் பிரத்தியட்சமாயிற்று. டிரம்ஸ்காரர் கண்களை மூடி, உதடுகளை அசைத்து, அடுத்து வாசிக்கவேண்டிய பகுதியை முழுவதும் மெல்லிய குரலில் ஓதிக்கொண்டிருந்தார்.

என்ன ஓதுகிறீர்கள் என்று கேட்டேன். "முதல்ல வாயில வரணும் ஐயா. வாயில வராதது காலில வராது," என்றார். பின்னர் தம் சொற்களை எனக்கு எடுத்துச் சொன்னார். மூன்று அடி கொண்ட துண்டுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் பொரளை, நான்குக்கு மருதானை, ஐந்துக்குத் தெமட்டகொட. இவற்றை, ஒற்றெழுத்தை எண்ணாமல், நீட்டல் குறுக்கல் இன்றி எழுத்துக்கு ஓர் அடியாகச் சமமாக உச்சரித்தால் கணக்குத் தானே சரியாகிறது. ஏழு வேண்டுமாயின் பொரளை மருதானை. ஒன்பது வேண்டுமாயின் மருதானை தெமட்டகொட. சிறு வயது முதல் பஸ் நடத்துநர்கள் கூவக் கேட்டுக் காதில் ஊறிப்போன ஊர்ப்பெயர்களை, எந்த ஆசிரியரும் சொல்லித் தராமலே, அவர் தம் கலைக்குரிய அட்சரங்களாக ஆக்கிக்கொண்டிருக்கிறார்.

இவ்விசையை வெறும் இரைச்சல் என்று ஒதுக்குவோர் நம்மிடையே பலர் உளர். அவர்கள் ஒரே ஒரு பாடலையேனும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தல் வேண்டும். சுவீடன் நாட்டு மெஷுகா குழுவினர் 2008ஆம் ஆண்டு வெளியிட்ட 'ஒப்சென்' என்ற தொகுப்பில் 'ப்ளீட்' என்றொரு பாடல் உண்டு. அக்குழுவின் டிரம்ஸ் வித்தகரான தோமஸ் ஹாக்கே, அத்தொகுப்பின் ஏனைய பாடல்கள் அனைத்துக்கும் சேர்த்துச் செலவிட்ட உழைப்பை இந்த ஒன்றுக்கே செலவிட நேர்ந்ததாகக் கூறியிருக்கிறார். பாடலின் வேகம் நிமிஷத்துக்கு 115 அடி. ஓர் அடியை நான்கு அட்சரங்களாகப் பிரித்துக்கொண்டால், கால்கள் இரண்டும் பேஸ் டிரம்மில் மூன்று அட்சரம் கொண்ட ஓர் அலகைத் திரும்பத் திரும்ப மிதிக்கின்றன. அதன் முதல் அட்சரத்தில் விரைந்த இரண்டு மிதிகள், அடுத்த இரண்டு அட்சரங்களிலும் ஒவ்வொன்று. விரைந்த அந்த இரு மிதிகளுக்கும் இடையே உள்ள காலம் ஒரு விநாடியில் ஏறக்குறைய பதினைந்தில் ஒரு பங்கு. வலக்கையோ இவ்வளவுக்கும் பிசகாமல் சிம்பலில் நாலடிக் கணக்கைக் காத்துக்கொண்டிருக்கும்.

கணக்கில் நாட்டமுடைய வாசகர் இதைத் தாமே போட்டுப் பார்க்கலாம். நாலடி கொண்ட ஒரு சுற்றில் 16 அட்சரம். அது மூன்றால் வகுபடாது. மூன்று சுற்று, அதாவது 48 அட்சரம் கழிந்தால் கால் கணக்கும் கைக் கணக்கும் சமத்தில், அதாவது சுற்றின் முதல் அடியில், கூடும். ஆயினும் வாக்கியம் நான்கு சுற்றில் முடியவேண்டுமாயின் 64 அட்சரத்தில் மூன்று 21 தடவை போக ஒன்று மிஞ்சும். மிஞ்சிய அந்த ஒன்றை எங்கே கரைப்பது என்பதிலேயே இவ்வகை இசையை ஆக்குவோரின் சாமர்த்தியம் அடங்கியிருக்கிறது. அது எங்கே கரைக்கப்பட்டது என்பதை மறவாதிருப்பதே வாசிப்போரின் பாரம்.

அந்த இளைஞர் ஒரு புதிய பகுதியைக் கற்கும் முறை நிதானமானது. குச்சியைத் தொடாமலே சில நாட்கள் கேட்கிறார். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் கேட்கிறார். கேட்டுக் கேட்டு அது வாயில் வந்தபின் முழங்காலில் கை தட்டுகிறார். பின்னர் ரப்பர்ப் பலகையில். கால்களுக்கு வேலை வருவது அதன் பிறகே. பாதி வேகத்தில் தொடங்கி, தாளவேகத்தைக் காட்டும் மெட்ரோனோமை ஒவ்வொரு படியாக ஏற்றி, தடுமாறும் இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, மறுபடியும் ஏறுகிறார். காலில் நோவு தோன்றினால் உடனே நிறுத்திவிடுகிறார். நோவோடு பழகியது பிழையாகவே காலில் படிந்துவிடும் என்பது அவர் அனுபவம். கற்கும்போது அவர் கிட்டார்க்காரரின் எதிரே அமர்வது வழக்கம். இவ்வகை இசையில் பேஸ் டிரம்மின் மிதியும் கிட்டார்க்காரரின் வலக்கை வெட்டும் பெரும்பாலும் ஒன்றே ஆதலின், ஒருவருடைய ஞாபகம் மற்றவருடைய கையில் பாதி தங்கியிருக்கிறது.

மனித மனம் ஒரே நேரத்தில் ஏறக்குறைய ஏழு உருப்படிகளையே ஏந்த வல்லது என்று அமெரிக்க உளவியலறிஞர் ஜோர்ஜ் மில்லர் 1956ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரையில் எழுதினார். அதோடு, சிறு உருப்படிகளைக் கூட்டி ஒரு பெரிய உருப்படியாக்கிக்கொண்டால் அந்த எல்லைக்குள்ளேயே எவ்வளவோ அடக்கலாம் என்பதையும் காட்டினார். நானூறு மிதிகளை எவராலும் மிதிமிதியாக நினைவில் வைக்க முடியாது. அவை எட்டுப் பெயர்களாகச் சுருங்கும்போது ஒரு குழந்தையும் வைத்துக்கொள்ளும். சொற்கட்டு என்ற பெயரால் இதை நம்முடைய லயக் கலைஞர்கள் தலைமுறை தலைமுறையாக ஓதுவித்து வந்திருக்கிறார்கள் என்பது என் உள்ளத்தில் உறுத்திக்கொண்டே இருந்தமையால், மற்றொரு மாலை அந்த இளைஞரை அழைத்துக்கொண்டு, மருதானைப் பக்கத்தில் கப்பித்தாவத்தைக் கோயிலுக்கு வாசிக்க வந்திருந்த ஒரு முதிய தவில் வித்துவானிடம் சென்றேன்.

அவர் இணுவிலில் பயின்றவர். யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி என்று ஈழமும் தமிழகமும் ஒருங்கே கொண்டாடிய அந்தத் தவில் மேதை (1933–1975) வாசிக்கக் கேட்டவர்களிடம் பாடம் கேட்டவர். தட்சணாமூர்த்தியின் வாழ்வை அம்ஷன் குமார் ஆவணப்படமாக எடுத்திருக்கிறார். எனினும் அவர் பெயரை இத்தகைய வித்துவான்கள் சொல்லும்போது குரலில் உண்டாகும் பக்தியை எந்தப் படமும் முழுவதும் காட்டிவிட இயலாது. தவில் அருகிலே உறையோடு இருந்தது. வித்துவான் அதை அவிழ்க்கவில்லை. விரற்கூடு அணியவில்லை, கழியை எடுக்கவில்லை. இளைஞர் தம் கைபேசியில் போட்டுக் காட்டிய 'ப்ளீட்' பாடலைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு கேட்டார். சிறிது நேரத்தில், "தகிட தானே தம்பி, முதலெழுத்தை மட்டும் இரட்டிச்சிருக்கு," என்று சொல்லி, அந்தப் பகுதியை வாயாலேயே ஓதிக் காட்டினார். பொரளை, மருதானை, தெமட்டகொட என்ற பெயர்களைக் கேட்டபோது, "எங்கட தகிட, தகதிமி, தகதகிட," என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒன்றை வைத்தார். ஏளனத்தின் சாயல் எள்ளளவும் அதில் இல்லை. பின்னர் இதை அறையிலே சொன்னபோது, சிங்கள இளைஞர், தாம் பள்ளிக்கூடத்தில் கண்டி மேளம் பழகுகையில் தத், ஜித், தொங், நங் என்ற நான்கு ஒலிகளை வாயால் சொல்லியே தொடங்கியதை நினைவுகூர்ந்தார். வாயை முதலாகக் கொள்ளும் வழக்கம் இத்தீவில் இரு இனத்தாருக்கும் பொதுவாகவே இருந்திருக்கிறது.

ஆயினும் இரு கலைகளும் ஞாபகத்திடம் வேண்டுவது ஒன்றல்ல. தவில் வித்துவான் பெரும்பாலும் இலக்கணத்தையே நினைவில் கொள்கிறார். மேடையில் அந்த இலக்கணத்தைக் கொண்டு புதியதைப் பிறப்பிக்கிறார். மெட்டல் டிரம்ஸ்காரருக்கோ ஒவ்வோர் அடியும் முன்பே நிச்சயிக்கப்பட்ட பாடம். ஓர் அடி பிறழ்ந்தாலும் நால்வரும் சிதறிவிடுவர். அதிலும் இக்காலத்தில் அந்தப் பாடம் பல வேளைகளில் கையில் பிறப்பதில்லை. மெஷுகா குழுவினர் 2005ஆம் ஆண்டின் 'கேட்ச் தேர்ட்டி த்ரீ' தொகுப்பில், ஹாக்கே அடித்துப் பதிவு செய்த ஒலிகளைக் கணினியில் கோத்தே டிரம்ஸ் பகுதிகளை அமைத்தார்கள். இந்த மாளிகாவத்தை இளைஞர்களும் தங்கள் பாடல்களை முதலில் கிட்டார் ப்ரோ என்ற மென்பொருளில் எழுதிக்கொள்கிறார்கள். அவ்வாறு திரையில் பிறந்த ஒன்றைப் பின்னர் மனிதக் காலுக்குப் பழக்குவது, பிறர் எழுதிய சாஸனத்தைக் கற்பது போன்ற சிரமம் உடையது. அந்தச் சிரமத்தை ஒருவரும் வற்புறுத்தாமல், ஊதியமும் பெரிதாக இல்லாமல், வேலை முடிந்த களைப்போடு இவர்கள் மேற்கொள்வதை நான் மிகவும் மதிக்கிறேன்.

மறதி எங்கே நேர்கிறது என்று வித்துவான், டிரம்ஸ் இளைஞர் இருவரிடமும் கேட்டேன். ஒரு பகுதியின் நடுவே மறப்பதில்லை, ஒன்று முடிந்து மற்றொன்று தொடங்கும் பொருத்திலேயே மறக்கிறது என்று இருவரும் ஒரே விடையைச் சொன்னார்கள். ஆதலால் அந்த இளைஞர் பாடலை முதலிலிருந்து கடைசிவரை வாசித்துப் பழகுவதைக் குறைத்து, ஒரு பகுதியின் கடைசி இரு சுற்றுகளையும் அடுத்ததன் முதல் இரு சுற்றுகளையும் மட்டும் சேர்த்துப் பழகுகிறார். அவர்களுடைய சொந்தப் பாடல் ஒன்றில் அத்தகைய ஒரு பொருத்து நெடுநாளாக அவரை வருத்திக்கொண்டிருந்தது. கடைசிச் சுற்றின் 16 அட்சரத்தில் முதலாவது வெறுமை. எஞ்சிய 15இல் ஐந்து அட்சரத் துண்டு ஒன்று மூன்று தடவை வந்து, அடுத்த பகுதியின் சமத்தில் இறங்கவேண்டும். தெமட்டகொட மூன்று தடவையும் பிசகின்றி வரும். ஆனால் எடுப்பு சில நாள் அரை அட்சரம் முந்தும், சில நாள் பிந்தும்.

வித்துவான் அதைக் கேட்டு, "அந்த வெறும் இடத்துக்கு நீர் என்ன சொல்லுறீர்?" என்று வினவினார். ஒன்றும் சொல்வதில்லை என்றார் இளைஞர். "அதுதான் ஓடுது. சும்மா விடுற இடத்துக்கும் ஒரு சொல் வேணும் தம்பி. தா எண்டு சொல்லி, பிறகு எடும்," என்று கூறி, கையால் தாளமிட்டு, தா என்று ஒரு முறை அழுத்தி, ததிங்கிணதொம் என்று மூன்று முறை ஓதிச் சமத்தில் இறங்கிக் காட்டினார். அந்த இளைஞர் தம் அடிகளுக்கெல்லாம் பெயர் வைத்திருந்தார். மௌனத்துக்கு மட்டும் வைக்கவில்லை. எங்கே அடிப்பது என்பதைக் காட்டிலும் எங்கே அடியாதிருப்பது என்பதே நினைவிலிருந்து எளிதில் நழுவுகிறது என்றும், அதைப் பிடித்து வைக்க நம் முன்னோர் கண்ட உபாயம் அதையும் ஒலியாக்கி நாவில் ஏற்றுவதே என்றும் எனக்கு அன்று விளங்கிற்று.

அடுத்த ஒத்திகையில் நானும் இருந்தேன். நால்வரும் வாத்தியங்களைத் தொடாமல் வட்டமாக நின்று அந்தப் பொருத்தை வாயால் சொல்லிப் பார்த்தார்கள்; முதலிடத்தில் தா என்ற சொல்லையே வைத்துக்கொண்டார்கள், ஐந்துக்குத் தெமட்டகொடையை மாற்றவில்லை. பின்னர் வாசித்தார்கள். சில தடவை ஒருவர் முந்தினார், ஒருவர் பிந்தினார். அதன்பின் நால்வரும் ஒரே கணத்தில் சமத்தில் இறங்கினார்கள். அதே இடத்தை இன்னும் பத்து முறை வாசிக்கவேண்டும் என்று சொல்லி, டிரம்ஸ்காரர் மெட்ரோனோமை ஒரு படி குறைத்தார்.