கியர்த் தண்டும் பழகிய கையும்

நானுஓயாவுக்கு ரயில் வந்தது 1885ஆம் ஆண்டில். அங்கிருந்து நுவரெலியா, கந்தப்பளை வழியாக இராகலை வரை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறிய சின்ன ரயில், 1903, 1904ஆம் ஆண்டுகளில் திறக்கப்பட்டு, மோட்டார் வண்டிகளின் போட்டிக்கு ஈடுகொடுக்க மாட்டாமல் 1948இல் நின்றுபோயிற்று. தண்டவாளம் போன வழிக்கு மறுபடி தண்டவாளம் வரவில்லை. தேயிலைப் பெட்டியும் உரமூட்டையும், பிற்காலத்தில் கோவாவும் லீக்ஸும் கரட்டும் லொறியையே நம்பின. ஏறத்தாழ 5,300 அடி உயரத்திலுள்ள நானுஓயா ஸ்டேஷனை விட்டுப் புறப்படும் வண்டி, சில மைல்களுக்குள் 6,100 அடிக்கு மேலுள்ள நுவரெலியாவை எட்டியாக வேண்டும். எதிர்த்திசையில் தலவாக்கலைக்குப் போவதானாலோ, ரதல்ல குறுக்கு வீதியைப் போன்ற செங்குத்தான இறக்கங்கள் காத்திருக்கின்றன. ஆகையால், சமவெளியில் வெறும் சௌகரியமாகத் தோன்றும் கியர், எங்கள் பக்கத்துச் சாரதிக்குப் பிராணாதாரமான விஷயம். இறக்கத்தில் வண்டியைப் பிடித்து நிறுத்துவது பிரேக் மட்டுமன்று. சின்னக் கியரில் விழுந்திருக்கும் எஞ்சினே பாதிப் பாரத்தைத் தாங்கிக்கொள்கிறது. ஒரு கியரை விட்டுவிட்டு மறு கியர் விழாமல் நடுவில் தொங்கிய வண்டிக்கு அந்தத் துணை இல்லை. பிரேக்கோ சூடேறச் சூடேறப் பிடியை இழந்துகொண்டே போகும்.

எங்கள் அயலில் மரக்கறி விவசாயம் செய்யும் ஒருவரிடம் பழைய பெட்ஃபர்ட் சி.ஏ. பிக்கப் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் லூட்டன் நகரத்து வாக்ஸ்ஹால் தொழிற்சாலை 1952 முதல் 1969 வரை செய்துவந்த ஜாதி அது, 1508 சி.சி. எஞ்சின், முன்னோக்கி மூன்றே கியர். அந்தக் கியரை மாற்றும் கைப்பிடி தரையிலிருந்து முளைக்காமல், ஸ்டியரிங் வளையத்துக்குக் கீழே, அதன் தண்டோடு ஒட்டிப் பக்கவாட்டில் நீண்டிருக்கும். அமெரிக்காவில் காடிலாக் கார்கள் 1938இல் ஏற்றுக்கொண்ட பின் உலகெங்கும் பரவிய ஏற்பாடு இது. முன் ஆசனத்தில் மூன்று பேர் காலுக்கு இடையூறின்றி அமரலாம் என்பது அதன் பிரதான லாபம். இந்தியாவின் அம்பாசடர் காரும் நெடுங்காலம் இதையே வைத்திருந்தது.

லாபத்துக்கு ஒரு விலையும் உண்டு. தரையில் நிற்கும் கியர்க் கம்பு கியர்ப்பெட்டியின் தலையிலேயே நேராகக் கை வைக்கிறது. ஸ்டியரிங்கோடு ஒட்டிய கைப்பிடியோ ஆணி, குழாய், கரம், கம்பி, மறுபடி கரம் என்று பல கை மாறித் தன் செய்தியை அனுப்ப வேண்டியிருக்கிறது. கைப்பிடியைத் தூக்குவதும் தாழ்த்துவதும் எந்தக் கரம் அசைய வேண்டுமென்பதைத் தீர்மானிக்கின்றன. முன்னும் பின்னும் திருப்புவது அக்கரத்தை அசைக்கிறது. தண்டின் அடியில் இரண்டு கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்க, அவற்றின் நடுவில் நிற்கும் ஒரு சிறு பல், ஒரு சமயத்தில் ஒன்றை மாத்திரம் பற்றும். அந்தப் பல்லின் விளிம்பு தேய்ந்து உருண்டால் இரண்டையும் அரைகுறையாகப் பற்றிக்கொள்ளும். உடனே பெட்டி இரண்டு கியருக்கு நடுவே இறுகிவிடும். அப்போது பொனட்டைத் திறந்து, கரங்கள் இரண்டையும் கையால் சமமாக்கி விட்டால்தான் வண்டி நகரும்.

அயலவருடைய வண்டியில் இந்தத் தேய்மானம் எப்பொழுது தொடங்கியதென்று அவருக்கே தெரியாது. அவர் கை அதைத் தன் போக்கில் கற்றுக்கொண்டுவிட்டது. இரண்டாம் கியருக்குப் போகுமுன் கைப்பிடியை ஒரு விரற்கடை மேலே தூக்கி, ஒரு கணம் தாமதித்து, பிறகு மெதுவாகத் தள்ளுவார். முதல் கியருக்கு உள்ளங்கையால் ஒரு தட்டு. பக்கத்தில் உட்கார்ந்து பிரயாணம் செய்தவர்கள் அதை ஒரு சாமர்த்தியமாகவே மெச்சினோம். வண்டியின் வியாதியென்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர் காய்ச்சலில் படுத்திருந்த ஒரு நாளில், கோவா மூட்டைகளோடு அவருடைய மகன் ஓட்டிப் போனபோதுதான், பனி மூடிய ஒரு வளைவில் கியர் இறுகி, பின்சக்கரத்துக்குக் கல் வைத்துக் காக்க வேண்டியதாயிற்று.

கராஜுக்கு வந்தும் அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "எனக்கு ஒரு நாளும் சிக்கினதில்ல தம்பி, பையனுக்குத்தான் ஓட்டத் தெரியல" என்றார். கராஜ் மெக்கானிக்கான பாஸ் சிரிக்காமல் சொன்னார்: "அண்ணே, வண்டி சரியா இருக்குன்னு சொல்றது வண்டி இல்ல, உங்க கை. மகன் ஏறினதும் வண்டி உள்ளதைச் சொல்லிருச்சுதானே."

பாஸ் வேலையைத் தொடங்கிய விதம் பார்க்கத்தக்கதாக இருந்தது. எதையும் கழற்றுமுன், மண்ணெண்ணெய்யில் தோய்த்த பிரஷ்ஷால் பழைய கிறீஸைக் கழுவி, பையனை மேலே உட்கார்த்திக் கைப்பிடியைச் சிறிது சிறிதாக ஆட்டச் சொல்லி, தாம் கீழே குனிந்து ஒவ்வொரு மூட்டின்மேலும் ஆள்காட்டி விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே போனார். ஒரு பக்கம் அசைந்து மறு பக்கம் அசையாத இடத்தில் விரல் நிற்கும். அங்கே சோக்கட்டியால் ஒரு கோடு. கைப்பிடியின் ஆணித் துவாரம் வட்டம் மாறி நீள்வட்டமாகியிருந்தது. தண்டின் அடி புஷ் பொடிந்திருந்தது. கம்பிகளின் முனைகள் தளர்ந்திருந்தன. எந்த மூட்டையும் தனியே குற்றம் சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மேலே 10 அங்குலக் கைப்பிடி, கீழே 2 அங்குலக் கரம் என்றால், கீழே அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்குத் தளர்வு, சாரதியின் கையில் ஐந்து மடங்காகி, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அங்குலமாகத் தெரியும். இப்படி நாலைந்து மூட்டுகளின் தளர்வு ஒன்றுசேர்ந்தால் கைப்பிடி எங்கே நிற்கிறது, கியர் எங்கே நிற்கிறது என்பதற்குள் சம்பந்தமே அற்றுப்போகிறது.

பரிகாரமும் மூட்டு மூட்டாகவே நடந்தது. நீள்வட்டத் துவாரத்தைச் சீராகப் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த ஆணி. லேத்தில் கடைந்த பித்தளை புஷ். மேலும் கீழும் ஆடாதிருக்க மெல்லிய வாசர்கள். தேய்ந்த பல்லின்மேல் வெல்டிங்கால் இரும்பை ஏற்றி, அரத்தால் அராவி, பொருத்திப் பார்த்து, மீண்டும் அராவி விளிம்பைப் பழைய கூர்மைக்குக் கொண்டுவந்தார். கடைசியாக, பெட்டியை நியூட்ரலில் வைத்து, கீழ்க் கரங்கள் இரண்டும் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி நடுவில் ஒரு கம்பியைச் செருகிப் பிடித்துக்கொண்டு, இணைப்புக் கம்பிகளின் நீளத்தைச் சரிசெய்து முடுக்கினார். புதிய புஷ்ஷையும் அவர் முற்றாக இறுக விடவில்லை. கிறீஸ் போய்வரக் கொஞ்சம் இடம் வேண்டுமென்றார்.

வெள்ளோட்டத்தில் ஒரு விநோதம் நடந்தது. மகன் முதல் தடவையிலேயே சிரமமின்றி ஓட்டினான். தகப்பனாருக்குத்தான் கியர் விழவில்லை. இல்லாத தளர்வுக்காக அவர் கை இன்னும் தூக்கிற்று, தாமதித்தது, தட்டிற்று. வண்டி குணமடைந்த பின்னும் கை சிலகாலம் நோயாளியாகவே இருந்தது.

மலைநாட்டு வாழ்க்கையில் நான் பெரிதும் வியந்த குணங்களில் ஒன்று இப்படிப்பட்ட இசைந்துகொள்ளும் சக்தி. தேயிலைத் தோட்டத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் ஒரு குடும்பமே இரண்டு மூன்று தலைமுறைகளாகக் குடியிருந்து, கூரைத் தகரம் எங்கே ஒழுகும், அங்கே எந்தப் பாத்திரத்தை வைப்பது, அடுப்புப் புகைக்கு எந்தக் கதவைத் திறப்பது என்பதையெல்லாம் கைவந்த கலையாக்கிவிட்டிருப்பதைக் கண்டிருக்கிறேன். அந்தச் சாமர்த்தியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை; அது இல்லாதிருந்தால் இம்மலைகளில் எவராலும் நிலைத்திருக்க முடிந்திராது. ஆனால் அதே சாமர்த்தியம் பழுதுக்குத் திரையாகவும் ஆகிவிடுகிறது. பார்வையிட வருகிறவர் வாசலில் நின்று விசாரிக்க, உள்ளிருப்பவர் "பரவாயில்லைங்க" என்று பதில் சொல்ல, அவரும் திருப்தியோடு திரும்பிப் போகிறார். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் அது வீட்டைப் பற்றிய பதிலுமன்று, அதில் வசிக்கப் பழகியவரின் பொறுமையைப் பற்றிய பதில்.

ஆகவே, ஒரு யந்திரமோ, வீடோ, ஸ்தாபனமோ செம்மையாக இருக்கிறதா என்று நிர்ணயிக்க, அதனோடு நெடுங்காலம் பழகியவரின் சாட்சியம் மட்டும் போதாது என்பது என் அபிப்பிராயம். அவர் கை ஏற்கெனவே பழுதின் ஓர் அங்கமாகிவிட்டது. புதிதாக ஒருவனை ஏற்றி ஓட்டச் சொல்லி, அவன் தடுமாறும் இடத்தில் அவனைக் கடிந்துகொள்ளாமல், பாஸின் விரலைப் போல அங்கேயே நம் விரலை வைத்துப் பார்க்க வேண்டும்.